முதலாம் நம்பர் காளாஞ்சி

உழைப்பதை நிறுத்துவதற்காக என்னைப் போல உழைத்த இன்னொருவர் மட்டக்களப்பில் இருக்க மாட்டார். நாற்பத்தைந்து வயதில் ஓய்வு பெறுவதென்று முப்பத்தைந்தில் முடிவெடுத்தேன். வருடச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்த்துவிட்டால் பிறகு வேலைக்கே போகவேண்டாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். செலவைக் குறைத்தால் சேர்க்கவேண்டிய தொகையும் குறையும் என்றார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வீட்டில் மீன் வாரத்துக்கு ஒரு நாள் என்றானது (வாவிக்கரையில் குடியிருந்துகொண்டு!). மனைவி சுமதி தீபாவளிக்குச் சேலை கேட்டபோது, அந்தக் காசு இருபது வருடத்தில் எவ்வளவாக வளரும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். அவள் தாளை வாங்கி அடுப்பில் வைத்தாள்.

நாற்பத்துநாலில் ஓய்வுக்கு ஓர் ஒத்திகை பார்க்க நினைத்தேன். அப்போது ஒரு கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்தேன். மாதம் நல்லபடியாகப் போனால் கொடுப்பதற்கென்று ராஜினாமாக் கடிதத்தையும் கையெழுத்திட்டு வைத்திருந்தேன்.

மூன்றாம் நாளே வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து தம்பிராசா மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் வருவது. கல்யாணம் முடித்து வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் மனைவி வீட்டில் இருந்தாலும், கோயில் விஷயத்தில் நான் அம்மாவின் ஊருக்கும் அம்மாவின் குடிக்கும்தான் சொந்தம். அந்த ஊர்க் கோயிலை நடத்தும் வண்ணக்கர் எங்கள் குடிக்காரர். திருவிழா தொடங்கும் நேரம் பார்த்து அவருக்குக் கண் ஒப்பரேஷன்.

"நீ ஊட்டில சும்மாதானே இரிக்காய் மனே?" என்றார் மாமா.

"சும்மா இல்ல மாமா. ஓய்வெடுத்துப் பாக்கிறன்."

"வருத்தம் ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"வேலையால நிப்பாட்டிப் போட்டானுகளா?"

"இல்ல மாமா."

"மறுகா என்ன? சும்மாதானே. நாளைக்கு வா. திருவிழா முடியுமட்டும் நீதான் வண்ணக்கர்."

பூசை முடிந்ததும் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்துக் காளாஞ்சி கொடுப்பார்கள். எந்தக் குடிக்கு முதலில், எந்தக் குடிக்குப் பிறகு என்று முறை இருக்கிறது. ஏழு குடிகளுக்கும் அந்த முறை ஏழு விதமாக ஞாபகம் இருந்ததுதான் பிரச்சினை. தினமும் காளாஞ்சித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐயர் ஒரு மணித்தியாலம் நிற்க, இவர்கள் வழக்குப் பேசினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. களஞ்சியத்து வாசலில் லொறிக்காரர்கள் இப்படித்தான் சண்டை பிடிப்பார்கள். வந்த ஒழுங்கில் நம்பர் துண்டு கொடுத்து அதை ஒரே நாளில் தீர்த்தவன் நான்.

திருவிழாவின் கடைசி நாளன்று விடியற்காலையே கோயில் வாசலில் உட்கார்ந்து, வருபவர் கையில் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்னதானத்துக்காக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். நானோ நூற்றாண்டுப் பிணக்கைத் தீர்த்த பெருமிதத்தில் இருந்தேன்.

மத்தியானப் பூசை முடிந்தது. மைக்கைப் பிடித்து, "முதலாம் நம்பர், காளாஞ்சி வாங்க வரவும்" என்றேன்.

வந்தவர் ஒலிபெருக்கிக்காரர். பக்கத்து ஊர்க்காரர். எந்தக் குடியிலும் சேராதவர். வயர் கட்டுவதற்காக எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். தோளில் வயர்ச் சுருளோடு பக்தியாகக் காளாஞ்சியை வாங்கிக்கொண்டு, என் கையிலிருந்த மைக்குக்குள் குனிந்து, "நன்றி ஐயா" என்றார். ஐந்து ஊருக்குக் கேட்டது.

மேளம் நின்றது. முதற்குடிப் பெரியவர் தன் துண்டை உயர்த்திப் பிடித்தார். நம்பர் நாற்பத்துமூன்று.

"தம்பி, இதென்ன ஆஸ்பத்திரியா?"

அந்த நிமிடம் வாவியில் குதித்திருப்பேன். ஆனால் ஏழு குடியும் சுற்றி நின்றதால் வழியில்லை. எதிலும் ஒத்துப்போகாத அந்த ஏழு குடிகளும் ஐந்தே நிமிடத்தில் ஒரு முடிவுக்கு வந்தன: பரிகாரப் பூசை செய்யவேண்டும், அன்றைய திருவிழாவை அன்னதானத்தோடு மறுபடி நடத்தவேண்டும், செலவு முழுவதும் என்னுடையது.

"அவனுக்கு ஏலுமா?" என்று யாரோ இரக்கப்பட்டார்.

"ஏன் ஏலாது? வேலைய உட்டுப்போட்டு இரிக்கிறதுக்கே காசு சேத்து வெச்சவன்" என்றார் என் சொந்த மாமா.

மைக் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டாம் திருவிழாவுக்கு அந்த ஐந்து ஊரும் வந்து சாப்பிட்டது.

ராஜினாமாக் கடிதத்தை நானே கிழித்தேன். இன்று எனக்கு ஐம்பது வயது. இன்னும் அதே களஞ்சியத்தில்தான் இருக்கிறேன். காசு மறுபடி சேர்ந்துவிட்டது. ஆனாலும் வேலையை விடப் பயமாக இருக்கிறது. வேலையில் இருப்பவனைத் தேடி எந்த மாமாவும் வாவி தாண்டி வருவதில்லை.

சுமதி அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். இன்றைக்கும் நான் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நம்பர் எத்தின?" என்று கேட்கிறாள்.

"அஞ்சு" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். மாமியார், மகள், சுமதி என்று மூன்று நம்பர் போய்விடும். நாலாம் நம்பர் நாய்க்கு.