கால் பெருவிரலில் கட்டிய ரிப்பன்

தனக்கு வைத்த ஒப்பாரியைத் தன் காதாலேயே கேட்டவர்கள் இந்த உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. அந்தச் சின்னக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த ஒப்பாரிக்கு முழுக்க முழுக்க நானேதான் காரணம். மனசைச் சரிசெய்துகொள்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, ஒரு தெருவையே மாரடிக்க வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. புதிதாகக் கல்யாணமாகித் திண்டிவனத்தில் குடித்தனம். அவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. எனக்கு விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். அதில்தான் வந்தது வினை. ஒரு நாள் காலையில் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை சில்லிட்டது, மூச்சு முட்டியது, இதோ செத்தேன் என்று தோன்றியது. விக்கிரவாண்டியில் இறங்கி ஒரு சோடா குடித்தேன். சாகவில்லை. மறுநாளும் அதே இடம், அதே சாவு, அதே சோடா. கொஞ்ச நாளில் அந்தச் சோடாக் கடைக்காரர் என் தலையைப் பார்த்ததுமே பாட்டிலை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டரிடம் போனேன். "இதயமெல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. சும்மா மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்று ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். (குழப்பிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி என்பதை மட்டும் எழுதவில்லை.) வீட்டுக்காரரிடம் முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டேன். பஸ்ஸில் ஏறப் பயம் என்று சொன்னால் பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று அது ஒரு தனிப் பயம். விழுப்புரத்தை அடுத்த காணையில் இருந்த அம்மாவிடம் சொல்லவே முடியாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர், அப்பா இறந்த சேதி வந்தபோது மயங்கி விழுந்து, பிழைத்ததே பெரும்பாடு. என் பயத்தைச் சொன்னாலோ, அடுத்த அமாவாசைக்கே பேயோட்ட என்னை மேல்மலையனூர்க் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். நடுவில் ஹெட்மிஸ்ட்ரஸ் வேறு, "திங்கக்கெழமை வரலைன்னா வேற டீச்சரைப் போட்டுடுவோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகையில் மனப்பயிற்சி பற்றி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. விளக்குச் சுடரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, உடம்பில் ஒரு உறுப்புகூட அசையாமல், மனசைக் காலி செய்ய வேண்டும். அவ்வளவுதான், பயம் ஓடியே போய்விடுமாம். ஆஹா, இத்தனை சுலபமா என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் டீச்சர் அல்லவா? சொன்னதைச் செய்வதோடு நிற்பேனா? சொந்தமாகச் சில திருத்தங்களும் செய்தேன். காமாட்சி விளக்கை ஏற்றிப் பார்த்துவிட்டு, எண்ணெய் தட்டிவிடாமல் இருக்கத் தலைமாட்டில் நகர்த்தி வைத்தேன். தெருச் சத்தம் கேட்காமல் இருக்க இரண்டு காதிலும் பஞ்சு. படுத்தால் கால் ஆட்டும் பழக்கம் எனக்கு உண்டு. எனவே இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்து ஒரு ரிப்பனால் கட்டிக்கொண்டேன். மூடிய அறையில் மூச்சு முட்டும் என்பதால் வாசல் கதவைத் திறந்தே வைத்தேன். காற்று வரட்டும் என்று ஜன்னலை ஒட்டி, தெற்கே தலை வைத்துப் படுத்தேன். நம் ஊரில் யாரை இப்படிப் படுக்க வைப்பார்கள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. படித்த புத்தி!

பயிற்சி அபாரமாக வேலை செய்தது. பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக அசந்து தூங்கிவிட்டேன்.

எதிர்வீட்டுப் பவுனக்கா சல்லடை கேட்டு வந்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் எந்த எழவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, கடைசி ஆளாக எழுந்து வருவார். அப்பேர்ப்பட்டவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தால் என்ன ஆகும்?

எங்கேயோ தூரத்தில் கோயில் மைக் செட் பாடுவதாக நினைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன். என் நெஞ்சின் மேல் பவுனக்கா கிடந்தார். சுற்றிலும் தெருப் பெண்கள் தலைவிரி கோலமாக. நான் எழுந்து உட்கார்ந்து, "என்னக்கா, யாருக்கு என்ன?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பவுனக்கா மட்டும் ஓடவில்லை. என் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

"உசுரோட இருந்துக்கினு இன்னாடி வேஷம் கட்டிக்கினு படுத்துக் கெடக்குற!" என்று கத்திவிட்டு, கட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார்.

"தொட்டுப் பாத்திருக்கலாமேக்கா!"

"தலைமாட்டுல வெளக்கு, காதுல பஞ்சு, கால் வெரல்ல கட்டு. யாரோ மின்னாடியே வந்து எல்லாம் செஞ்சு வச்சுட்டாங்கன்னு நெனச்சேன். இதுக்கு மேல இன்னாத்த தொட்டுப் பாக்குறது?" என்றவர், திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ! ஒங்கம்மாவுக்குச் சொல்ல ஏழுமலைய அனுப்பிட்டனே!"

வீட்டுக்காரர் அன்று மரக்காணத்துக்கு கேம்ப் போயிருந்தார். புருஷன் ஊரில் இல்லை என்றால் தாய்வீட்டுக்குத்தானே முதலில் ஆள் போக வேண்டும்? பவுனக்காவின் தம்பி ஏழுமலை, தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் காணைக்குக் கிளம்பிவிட்டாராம். போன் என்று ஒன்று எங்கள் யார் வீட்டிலும் கிடையாது. ஏழுமலைக்கு முன்னால் நான் போய்ச் சேராவிட்டால், அம்மா பிழைக்க மாட்டார்.

"ஜல்தி வா டீச்சரு, நானும் வர்றேன்" என்று பவுனக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். யோசிக்க நேரம் இருந்திருந்தால் நான் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டேன். ஏறி உட்கார்ந்து, கூட்டேரிப்பட்டு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே படபடப்பு. அதே மூச்சுமுட்டல்.

"அக்கா, நான் விக்கிரவாண்டியில எறங்கிடுறேன். நீங்க மட்டும் போய்ச் சொல்லிடுங்க."

"நீ உசுரோட இருக்கறன்னு நான் போய்ச் சொன்னா ஒங்கம்மா நம்புவாங்களா?" என்றவர் என் கையைத் தொட்டார். "இன்னாமா இது, கை ஐசு மாதிரி கீது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படபடப்பு, சோடா, முதுகுவலிப் பொய், பத்திரிகைப் பயிற்சி, ரிப்பன் எல்லாம். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் வரும் டீச்சரு. மூணாவது புள்ள தங்காம போச்சே, அதுலேர்ந்து. நெஞ்சுமேல அம்மிய வச்சாப்ல இருக்கும். வூட்டுல அழுதா, இருக்கற புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு மாமியா வையும். அதான் எழவு வூடா பாத்துப் போறேன். அங்க எவ்ளோ அழுதாலும், ஏன்டி அழுவுறன்னு யாரும் கேக்கமாட்டாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவரைப் பற்றி நாங்கள் எத்தனை கேலி பேசியிருக்கிறோம்! எதிர்வீட்டிலேயே எனக்கு ஒரு துணை இருந்திருக்கிறது. அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேச்சை மாற்ற, "எனக்கு இன்னா பாட்டு பாடினீங்கக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

பவுனக்கா மூக்கைச் சிந்திவிட்டு, வஞ்சனையில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"பாடம் சொல்லித் தந்த வாயி பட்டுன்னு மூடிடுச்சே,
சலிக்கக் கேட்ட சல்லடைய தராமலே போனியே..."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன்சீட்டுப் பெரியவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று உருக்கமாக விசாரித்தார்.

"இவங்கதாங்க" என்று பவுனக்கா என்னைக் காட்டினார்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்டக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் சிரிப்புமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், விழுப்புரம். விக்கிரவாண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

காணையில் அம்மா வாசலில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாடி திடீர்னு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. ஏழுமலை இன்னும் வந்து சேரவில்லை. எழவு சொல்லப் போகிற வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்க முடியாதே என்று, விழுப்புரத்தில் இறங்கி வயிறாரச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம் மனுஷன். நல்லா இருக்கணும் அந்த ஓட்டல்காரர்!

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன். அதற்குள் தெருவில் ஏழுமலையின் குரல் கேட்டது.

"எப்பிடிம்மா சொல்லுவேன்... ஒங்க பொண்ணு போயிட்டாங்கம்மா!"

"எங்க போயிட்டா? உள்ள காப்பி போட்டுக்கினு இருக்கா" என்றார் அம்மா.

நான் டம்ளரோடு வெளியே ஓடி, "இந்தாங்கண்ணே" என்று நீட்டினேன். ஏழுமலை என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், அப்படியே மல்லாட்டை மேல் சாய்ந்துவிட்டார். அம்மாவுக்கு வர வேண்டிய மயக்கம் அவருக்கு வந்தது. தண்ணீர் தெளித்து எழுப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் எதை மறைப்பது? முழுவதையும் கேட்ட அம்மா, "இத்தினி நாளா மனசுக்குள்ளயே வச்சுக்கினு இருந்தியாடி?" என்று என் தலையைத் தடவினார். ராத்திரி விஷயம் தெரிந்த என் வீட்டுக்காரரோ, "பயம்னு சொல்லியிருந்தா நானே பஸ்ஸுல கூட வந்திருப்பேனே" என்றார். ஊர் முழுக்கக் கூட்டி அழவைத்த பிறகுதான், பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் புத்தி வந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பக்கத்து சீட்டில் பவுனக்கா. தனியாகப் போகப் பழகும்வரை அவர்தான் துணைக்கு வந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேருமாகப் பாண்டிச்சேரியில் ஒரு மனநல டாக்டரைப் பார்த்தோம். மெதுவாக மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார், நிறையப் பேசவும் விட்டார். குழந்தையைப் பற்றிப் பவுனக்கா அங்கே ஒரு சாவும் இல்லாமல் அழுதார். படபடப்பு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வரும், உட்காரும், போகும். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த பஸ்ஸில்தான் போய் வந்தேன்.

இன்றைக்கும் நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால், "சும்மா படுத்திருக்கியா, இல்ல காணைக்கு ஆள் அனுப்பணுமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். பவுனக்கா இல்லாமலா? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மாள் அவரைப் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பவுனக்கா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நான் எத்தினியோ பேருக்கு ஒப்பாரி வச்சிருக்கேங்க. எழுந்து வந்தவ இவ ஒருத்திதான்."