விரல் நுனியில் எண்பத்திரண்டு

"எண்பத்திரண்டா? சரியாப் பாத்துச் சொல்லுங்கம்மா!" என்று போன் அலறியது.

வீரபத்திரனுக்கு இரண்டு நாளாக இருமல், அவ்வளவுதான். கொரோனாவுக்கு முன்னால் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்து டாக்டர் பரமசிவத்திடம் போயிருப்பார். அவரும் கையைப் பிடித்து நாடி பார்த்து, அப்படியே ஊர்வம்பும் கேட்டு, ஒரு ஊசியைப் போட்டு அனுப்பியிருப்பார். ஊரடங்கில் மூடிய அந்தக் கதவு பிறகு திறக்கவே இல்லை. இப்போது அவர் குடியிருக்கும் ஓரிக்கையில் தும்மினால்கூட வீடியோதான். இன்று திரையில் வந்த டாக்டர் பிரியதர்ஷினி இருந்தது கோயம்புத்தூரில்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மிஷினை வீரபத்திரனின் மனைவி அம்சவேணி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இரண்டாவது அலையில் அவருடைய அண்ணன் போனபோது, அதே மிஷினில் எண் ஒவ்வொன்றாக இறங்கியதை இருவரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். தொண்ணூறுக்குக் கீழே என்றாலே அந்த வீட்டில் ஆபத்து என்றுதான் அர்த்தம்.

"வேற விரல்ல மாட்டுங்க," என்றார் டாக்டர்.

மாட்டினார்கள். எழுபத்தொன்பது.

"பேட்டரி தீந்திருக்கும்மா," என்றார் வீரபத்திரன்.

டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிப் போட்டார்கள். எழுபத்தெட்டு. அம்சவேணி தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. மிஷின்மேல் பழி போடவும் வழியில்லாமல் போயிற்று.

"நகம் நீலமா இருக்கா பாருங்க," என்றார் டாக்டர்.

அம்சவேணி குனிந்து பார்த்தாள். "நீலமாத்தான் இருக்குது டாக்டர்!"

"ஐயோ, எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமைலேர்ந்து."

"அஞ்சு நாளாவா? அவரைக் குப்புறப் படுக்க வைங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்!"

குப்புறப் படுத்ததும் இருமல் இரண்டு மடங்காயிற்று. வீரபத்திரனுக்கு அண்ணனின் முகம் கண்முன் வந்தது. செத்துப்போக அவருக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை.

"அம்சா, பீரோ சாவி அரிசி டின்னுல இருக்குது."

"அது எனக்கு எப்பவோ தெரியும். நீ பேசாம மூச்ச வுடுய்யா," என்று அவள் அழுதாள்.

சத்தம் கேட்டு அடுத்த தெரு டேனியல் ஓடிவந்தான். முதலாளி கலியாணசுந்தரத்தின் பட்டறையில் வீரபத்திரனோடு சேர்ந்து பட்டு நூலோடு மாரடிப்பவன். எதற்கும் இருக்கட்டும் என்று அம்சவேணி அவன் விரலிலும் மிஷினை மாட்டினாள்.

எண்பது. நகமும் நீலம்.

அதுவரை கல்லுக்குண்டாக நின்றிருந்த டேனியலுக்கு உடனே மூச்சு வாங்கியது. "கர்த்தரே!" என்று வீரபத்திரனுக்குப் பக்கத்தில் அவனும் குப்புற விழுந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல வேலை செய்றாங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரே பட்டறைதான் டாக்டர்."

"அப்ப ஏதோ புதுசாப் பரவுது! யாரும் கிட்ட போகாதீங்க!"

வாசலில் கூடியிருந்த தெரு, கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. தூக்கி எறிந்ததாகச் சொன்ன மாஸ்க்கெல்லாம் ஜன்னல்களில் தெரிந்தன.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் சுகாசினிக்கு எந்தப் பதற்றமும் இல்லை. இருவர் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, பட்டறையில கால்ல பூட்ஸ் போடுவீங்களா?"

"போடுவேம்மா. ஏம்மா, காலை எடுக்கணுமா?"

சுகாசினி மிஷினை அவருடைய கால் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. டேனியலின் கால் விரலில் தொண்ணூற்றொன்பது.

அம்சவேணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போன தடவ எறங்கிக்கினே போச்சு. இந்தத் தடவ ஏறிடுச்சுய்யா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். வீரபத்திரனுக்கும் கண்ணீர் முட்டியது. ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் நகர்ந்ததுபோல் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்தும் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"அப்ப கைக்கு மட்டும் என்னம்மா வியாதி?" என்று கேட்டார் வீரபத்திரன்.

சுகாசினி மிஷினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"வியாதி இல்லீங்க ஐயா. எங்கப்பாவும் பட்டுக்குச் சாயம் போடுறவர்தான். நீலச் சாயம் போடுற வாரத்துல எங்க வீட்டுல யாரும் அவர் கைவிரல்ல இந்த மிஷின மாட்டவே மாட்டோம்."