பச்சைக் கயிறும் நூறாவது டிக்கும்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நடுவர் தேர்தலுக்கு வேட்பாளராகியே தீருவது என்று வியாழக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே அவர் சபதம் செய்துகொண்டார். வாயெல்லாம் நுரை. அதனால் சபதம் யாருக்கும் கேட்கவில்லை.

ஹார்டுவேர் கடையில் இருபது வருஷமாகக் கவுண்டரில் நிற்கிற மனுஷன். கடையில் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் போனுக்குள் 'கேள்விக்கூடம்' என்று ஒரு மன்றம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர் பதில் சொல்லலாம். அங்கே வீட்டு ரிப்பேர் பிரிவில் இவர் பெயர் 'ஆணிவேர்'. முன்பின் தெரியாத ஒருத்தர் வீட்டு ஜன்னல் கிறீச்சிட்டால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. படம் வரைந்து, பாகம் குறித்து, பொறுமையாகப் பதில் எழுதுவார். கேட்டவருக்குப் பிடித்தால் அந்தப் பதிலுக்குப் பச்சை டிக் போடுவார். உடனே பதில் சொன்னவர் போனில் சைக்கிள் மணி மாதிரி இரண்டு தடவை சத்தம் வரும். அதைக் கேட்டால்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

மன்றத்தைக் கட்டி மேய்க்கும் நடுவர் பதவிக்கு நிற்க நூறு டிக் வேண்டும். இவரிடம் தொண்ணூற்றொன்பது. நேரம் பாருங்கள், அந்த வாரம் பார்த்து எல்லார் வீட்டுச் சாமானும் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு கேள்வி கிடையாது.

ஒழுங்காக இல்லாதது இவர் வீடுதான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து ஐந்து மாசம். மனைவிதான் ஒரு பச்சைக் கயிற்றைக் கைப்பிடியிலிருந்து சுவர் ஆணிக்கு இழுத்துக் கட்டியிருந்தாள். தள்ளினால் கதவு ஒரு சாண் திறக்கும்.

"ஏங்க, அந்தத் தாழ்ப்பாள் என்னாச்சு?"

"ஏற்கெனவே கேட்ட கேள்வி" என்றார் தலை நிமிராமல். மன்றத்தில் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் அப்படித்தான் முத்திரை குத்தி மூடுவார்கள்.

"பதில் வரலையே."

"பரிசீலனையில இருக்கும்மா."

"ஊர் பேர் தெரியாதவங்களுக்கு விழுந்து விழுந்து பதில் சொல்றீங்க."

"அவங்க நன்றி சொல்றாங்க."

"மாட்டிக் குடுங்க, நானும் சொல்றேன். மாட்டாத தாழ்ப்பாளுக்கு எப்படி நன்றி சொல்றதாம்?"

அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். நாள் முழுக்க நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகியவள். "உங்ககிட்ட பேசணும்னா நானும் டோக்கன் வாங்கணும் போல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் போனதும்தான் இவருக்கு அந்த யோசனை வந்தது. கேள்வி வரவில்லையென்றால் நாமே கேட்டால் என்ன? வேறு பெயரில் ஒரு கணக்கு. ஒரு கேள்வி. மத்தியானம் ஆணிவேர் வந்து அசத்தலாகப் பதில் சொல்வார். கேட்டவர் உருகிப்போய் டிக் போடுவார். கதை முடிந்தது. பொய்க் கணக்கு பிடிபட்டால் மன்றத்தை விட்டே துரத்திவிடுவார்கள் என்பது தெரியும். ஆனால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

'வீட்டுப்பறவை' என்று பெயர் வைத்தார். ரிப்பேர் கேள்விக்குப் படம் கட்டாயம். உடைந்த பொருள் கைவசம் ஒன்றுதான் இருந்தது. குளியலறைக்குப் போய்க் கயிற்றோடு சேர்த்துப் படமெடுத்தார். பிறகு எழுதினார்: "தாழ்ப்பாள் உடைந்து ஐந்து மாதம் ஆகிறது. என் கணவர் கடையில் நாள் முழுக்கத் தாழ்ப்பாள்தான் விற்கிறார். கேட்டால் நாளைக்கு என்கிறார். நாளைக்குக் கேட்டால் கோபப்படுகிறார். எனக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நானே மாட்ட முடியுமா?"

எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தார். யோசிக்காமல் கடகடவென்று வந்துவிட்டது. கூச்சம் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது. அனுப்பிவிட்டு ஓடினார்.

உடனே பதில் போட்டால் சந்தேகம் வரும் என்று சாப்பாட்டு இடைவேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மன்றத்தைத் திறந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு பதில். அறுபத்து நாலு பேர் கைதட்டியிருந்தார்கள். எழுதியது 'டோக்கன் பதினேழு' என்று ஒரு புது ஆள்.

"சகோதரி, தாழ்ப்பாள் மாட்ட நாலு ஸ்க்ரூவும் இருபது நிமிஷமும் போதும். உங்களால் தாராளமாக முடியும். படத்தில் கயிற்று முடிச்சு பிரமாதம். போட்டது நிச்சயம் நீங்கள்தான், அவர் இல்லை. இந்த ஐந்து மாதமும் உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று சத்தமாகப் பாடிக்கொண்டே குளித்திருப்பீர்கள். மனசு சரியில்லாத நாளிலும் பாடியிருப்பீர்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் அவர், நம் வீட்டில் எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்திருப்பார். தாழ்ப்பாளை நீங்கள் மாட்டாதீர்கள். அவர் மாட்டட்டும்."

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

அவர் வீட்டிலும் பாட்டு உண்டு. இவருடைய அப்பா கூடவே இருக்கிறார். கதவைத் தட்டும் பழக்கம் அவருக்கு ஜென்மத்தில் கிடையாது, காதும் கொஞ்சம் மந்தம். மனைவி குளிக்கப் போனால் தெருவுக்கே கேட்கும். இவர் அதைக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்: "நம்ம வீட்ல காலையில ஒரே கச்சேரிதான்." இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. நல்ல ஜுரத்தில் இருந்த அன்றுகூட அவள் பாடியது ஞாபகம் வந்தது. எல்லா வீட்டிலும் இதே கதைதான் போல என்று பெருமூச்சு விட்டாரே தவிர, மனுஷனுக்கு அதற்கு மேல் மூளை ஓடவில்லை.

இருந்தாலும் சபதம் சபதம்தானே. பதினாலு படிகளில், மூன்று படங்களோடு ஆணிவேரின் பதிலைப் போட்டார். இரண்டு பேர் கைதட்டினார்கள். கீழே ஒரு பெரியவர், "ஆணிவேர் ஐயா, அந்தப் பொண்ணு கேட்டது இதையா?" என்று எழுதியிருந்தார்.

சரி, கேட்டவள் டிக் போட்டால் போதுமே என்று வீட்டுப்பறவையாக உள்ளே போனார். டிக் போட முடியவில்லை. ரிப்பேர் பிரிவில் கேட்பவர்களுக்கு ஒரு விதி: சரிசெய்த படம் போட்ட பிறகுதான் டிக் போடலாம். ஆறு வருஷமாகப் பதிலாகவே சொல்லித் தள்ளியவர். கேட்பவருக்கு என்ன விதி என்று ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கையில் புதுத் தாழ்ப்பாளோடு குளியலறை வாசலில் நின்றார்.

"என்ன அதிசயம் இது?" என்றாள் மனைவி.

"கடையில ஒண்ணு மீந்துச்சு."

"அஞ்சு மாசமா மீந்துட்டுத்தானே இருக்கு."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மாட்டினார். சரியாக இருபது நிமிஷம். கயிற்றை அவிழ்க்கத்தான் நேரமானது. முடிச்சு அப்படி. படமெடுத்து ஏற்றினார். மனைவி தன் போனை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மணி ஐந்தே முக்கால். இரண்டு பதிலுக்குப் பக்கத்திலும் காலிக் கட்டம் காத்திருந்தது. ஆணிவேருக்குப் போட்டால் நூறு. கால் மணி நேரத்தில் வேட்பாளர். விரலைக் கொண்டுபோனார்.

பாட்டுச் சத்தம் வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பாட்டுக்காகக் காத்திருந்தார். வரவே இல்லை. ஐந்து மாசம் கழித்து ஒருத்தி நிம்மதியாகக் குளிக்கிறாள் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. தொண்ணூற்றொன்பது பேருக்குச் சரிசெய்துவிட்டு இந்த ஒருத்தியை மட்டும் வரிசையில் நிற்க வைத்துவிட்டோமே என்று மனசு கனத்தது. யார் பெற்ற பிள்ளையோ, டோக்கன் பதினேழு சொன்னதுதான் சரியான பதில். நடுவராவது வெங்காயமாவது. கண்ணை மூடிக்கொண்டு டோக்கன் பதினேழுக்கு டிக் போட்டார்.

பிரிட்ஜ் மேலிருந்து சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது.

அவர் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு பிரிட்ஜைப் பார்த்தார். குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் நிதானமாக வந்தது.

"ரொம்ப நன்றி சகோதரி. கொடியில துண்டு காயுது, எடுத்துக் குடுத்துட்டு, அப்படியே சமையலறைக் குழாயையும் ஒரு படம் எடுத்துப் போட்டுடுங்க."