தலையணைமேல் முப்பது டிகிரி

கழக்கூட்டம்
7 மே 2025, புதன்கிழமை, மாலை 6.40. ஏசியைச் சோதிப்பது இது ஏழாவது முறை.

மதிப்பிற்குரிய மாமா சுவாமிதாஸ் அவர்களுக்கு, மருமகன் செல்வின் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும், முதல் பேறுகாலத்துக்கு அங்கே வந்திருக்கும் ரெஷ்மாவும் சுகமென்று தினம் மூன்று தடவை போனில் கேட்டு அறிகிறேன். ஏசிக்குத்தான் சுகமில்லை.

“போன்ல சொன்னா கடைக்காரன் நம்பமாட்டான் மாப்ள, எழுதித் தாரும், மார்த்தாண்டத்துல கொண்டு காட்டுகேன்” என்றீர்கள். எழுதுகிறேன். நான் வேண்டாமென்று சொல்லியும் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கி மாட்டிய ஒன்றரை டன் ஏசி, ரெஷ்மா ஊருக்குப் போன இந்த இருபத்து மூன்று நாளாக ஒழுங்காகக் குளிரவில்லை. நான் மெக்கானிக்கல் படித்தவன், சும்மா புலம்புகிறவன் இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், ரெஷ்மாவின் முடி ஒன்று இருந்தது, வேறு தூசி இல்லை. வெளியே இருக்கும் யூனிட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவினேன், கீழ்வீட்டு ஸ்ரீலக்ஷ்மி சேச்சி காயவைத்த பப்படமெல்லாம் நனைந்துபோய், “மோனே, மழையா?” என்று ஏறி வந்து கேட்டார், இத்தனை நாளில் இந்த வாசலில் வந்து நின்ன முதல் ஆள் அவர்தான், அதனால் வோல்டேஜ் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன், பாதியில் போயிட்டார். வோல்டேஜ் சரி. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாச்சு. ஏசி வாயில் பன்னிரண்டு டிகிரி, தலையணைமேல் முப்பது. நடுவுல பதினெட்டு டிகிரி எங்க போச்சு?

நேற்று மெக்கானிக் சுஜினை வரவழைத்தேன். பாறசாலைக்காரன். ஏசியில் கேஸ் அளவு பார்த்துவிட்டு, “சாரே, மெஷினுக்கு ஒரு குழப்பமும் இல்ல” என்று சிரித்தான். சாயா போட்டுக் கொடுத்தும் ஐந்து நிமிஷத்துக்குமேல் இருக்கவில்லை. இதெல்லாம் ஒரு சர்வீஸா? ஆகவே மெஷினை மாற்றித் தரவேண்டும். கடைக்காரருக்குப் புரியாவிட்டால் நானே நேரில் வந்து விளக்கவேண்டியிருக்கும். “வாராவாரம் வந்து நின்னா ஊருல சிரிப்பாவ, பிள்ளை பிறந்த பொறவு வாரும்” என்று ஈஸ்டருக்கு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் இது ஏசி விஷயம்.

கர்த்தர் அங்கே உள்ள மூவரையும், வயிற்றில் இருக்கும் நாலாவது ஆளையும் காப்பாராக.

இப்படிக்கு,
செல்வின்

பின்குறிப்பு: இதைக் கடைக்காரரிடம் காட்டவேண்டாம். கிழித்துவிட்டு மறுபடி எழுதப் பொறுமை இல்லை. சுஜின் சிரித்ததோடு போகவில்லை. ஏசி வாயில் பாதியை மறைத்து ஒட்டியிருந்த அட்டையைத் தொட்டு, “இது ஆரு வச்சது?” என்றான். நான்தான். பிள்ளைத்தாய்ச்சிமேல் குளிர்காற்று நேரே விழக்கூடாதென்று, ரெஷ்மா படுக்கும் பக்கத்துக்கு மட்டும் வைத்தது. அவன் என் தெர்மாமீட்டரை எடுத்து மற்றத் தலையணையில் வைத்தான். இருபத்து நாலு. “தலையணை ரெண்டு உண்டல்லோ சாரே, அங்க மாறிக் கிடந்தா போதும்.” அந்தத் தலையணை என்னுடையது. அவள் போனதிலிருந்து நான் அதில் படுக்கவில்லை. மெஷினில் பிழை இல்லை. இனி நான் செய்யப்போவது:

1. அட்டையைக் கழற்றமாட்டேன்.
2. என் பக்கம் மாறியும் படுக்கமாட்டேன். வியர்த்தால் வியர்க்கட்டும்.
3. சனிக்கிழமை காலை ரயிலில் குழித்துறையில் இறங்கி அங்கே வருவேன். கூப்பிடவேண்டாம், வந்துவிடுவேன்.
4. ஊரில் சிரித்தால், மருமகன் ஏசி பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்வேன். உங்கள் வீட்டில் ஏசி கிடையாது என்பது எனக்கும் தெரியும்.