சாட்சி வீட்டு வம்சம்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடுப்பு வலியும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அங்கே உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

பேத்தியைப் பெண் கேட்டிருக்கும் பெரிய இடத்துக்காரர்கள் நம் வம்சத்தை ஏழு தலைமுறைக்கு எழுதிக் கேட்கிறார்கள், நமக்குச் 'சாட்சி வீடு' என்ற பெயர் எப்படி வந்தது என்று ஆதாரத்தோடு காட்டினால்தான் சம்பந்தம் நிற்கும், நீதான் ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிறாயே என்றீர்கள். சும்மாதான் இருந்தேன். அந்தச் சுகம் போய் இரண்டு மாதம் ஆகிறது. பதிவு அலுவலக ரெக்கார்டு அறையில் நான் போட்ட தும்மலைக் கணக்கெடுத்தால் அதற்கே தனி ரிஜிஸ்டர் வேண்டும்.

ஒரு பெரிய வழக்கில் கொள்ளுத்தாத்தா உயிருக்குப் பயப்படாமல் சாட்சி சொன்னார், நீதிபதியே எழுந்து கும்பிட்டார் என்றுதானே அப்பா சொல்வார். வழக்காவது, கிழக்காவது. முதல் பத்திரத்தைப் பிரித்தேன், இரண்டாம் சாட்சி கொள்ளுத்தாத்தா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பத்திரத்திலும் அவரே. யாரோ வீடு விற்றால் இவர் சாட்சி, யாரோ பிள்ளையைத் தத்து எடுத்தால் இவர் சாட்சி, அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு பாகம் பிரித்தால் இரண்டு பேருக்கும் இவரே சாட்சி. இருநூற்றுப் பதினாலு கையெழுத்து. "இவரு ஆபீஸ் வாசல்லயே உக்காந்திருப்பாரு போல சார். சாட்சிக்கு ஆள் வராதவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்திருக்காரு. அதான் பொழப்பு" என்றார் ரெக்கார்டு அறைக்காரர். சொந்தமாக வாங்கினார், விற்றார் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவருடைய அப்பா பெயரும் எங்கேயும் இல்லை. பேத்திவரை எண்ணினாலும் தலைமுறை ஆறுதான் வருகிறது.

இதற்கு மேல் ஒரு கேவலம். வாசல் பெஞ்சில் காத்துக் கிடக்கிறேனா, ஒருநாள் ஒரு அம்மா வந்து, "ஐயா, சாட்சிக்கு வரேன்னு சொன்ன தம்பி போனையே எடுக்கல, ஒரு கையெழுத்து போடுவீங்களா" என்றாள். பாவம் என்று போட்டேன். மறுநாள் இன்னொருத்தர். அப்புறம் என்ன, பத்திரம் எழுதுகிறவர் என் அடையாள அட்டை நகலில் நாலைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டார். பியூன் என்னைச் 'சாட்சி ஐயா'ன்னுதான் கூப்பிடுறான். வீட்டுப் பேரை நான் சொல்லவே இல்லண்ணா, சத்தியமா.

என்னால முடியல. இனிமேல் அந்த ஆபீஸ் படி ஏற மாட்டேன். பெரிய வழக்கு என்றே எழுதிக் கொடுத்துச் சம்பந்தத்தை முடித்துக்கொள்ளுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். அண்ணிக்கு என் வணக்கம். பேத்தி மனம்போல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அலுத்துப்போன தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போதுதான் குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டது தெரிந்து மறுபடி போனேன். கல்யாணம் பதிய வந்தவர்களுக்கு ஒரு சாட்சி குறைகிறது என்று பியூன் கையைப் பிடித்து இழுத்துப் போனான். பார்த்தால், மாலையும் கழுத்துமாக நம் பேத்தி. பக்கத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற பையனாம், பயத்தில் அவனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "நீங்க தினமும் இங்கதான் இருக்கீங்கன்னு தாத்தா சொன்னாரு. நம்ம வீட்டு ஆளா ஒருத்தராவது இருக்கட்டும்னுதான் இந்த ஆபீசுக்கே வந்தோம், சின்னத் தாத்தா" என்று அழுதாள். நானும் அழுதேன். பெரிய இடத்துக்காரர்களுக்கு இனி எதுவும் எழுத வேண்டாம் அண்ணா. என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள். கொள்ளுத்தாத்தா ஊர்க்காரர்களுக்கெல்லாம் இருநூற்றுப் பதினாலு போட்டார், சொந்த வீட்டுக்கென்று ஒன்றுகூட இல்லை. நான் போட்டுவிட்டேன்.