ரிவெட்டு அண்ணனின் சுருட்டுப் பெட்டிக் கிடார்

உலகத்தில் எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அதை ஒரு லாரியாகவே பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் ரிவெட்டு அண்ணன்தான். பச்சைக் குழந்தையைக் காட்டினால், "வண்டி புதுசுங்க, இன்னும் ஓடிப் பழகோணும்" என்பார். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையைப் பார்த்து, "பாடி நல்லாக் கட்டியிருக்குதுங்க, இஞ்சின் எப்படீன்னு போகப் போகத்தான் தெரியும்" என்று உரக்கச் சொல்லி, பாயசம் வருவதற்கு முன்பே எழுப்பி விடப்பட்டவர்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. தகட்டையும் சட்டத்தையும் சேர்த்து ரிவெட்டு அடிப்பார். நான் அப்போது வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் போடும் ஆபீசில் இருந்தேன். பட்டறைக்கு மேல் மாடியில் என் ரூம். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. பட்டறை ஓனருக்கே அது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

எங்கள் பக்கத்தில் வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது. வந்தால், அந்த நம்பரே வேண்டாம் என்று விட்டுவிடும் ஓனர்கள் நிறைய. மற்றவர்கள் இதை வண்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். ரிவெட்டு அண்ணன் இட்லிக்கும் கொண்டு வந்தார். ஏழு இட்லியோடு நிறுத்துவார். பசி அடங்காவிட்டால் சேர்ந்தாற்போல் இரண்டு கேட்டு ஒன்பதுக்குத் தாவுவார். ரிவெட்டு எண்ணும்போதும் "ஆறு, ஏழு, ஒம்பது" என்றுதான் போவார். கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டிய ரிவெட்டு பெட்டியில் எப்படி மிச்சம் கிடக்கிறது என்று ஓனர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்.

ஒரு நாள் செல்போனும் கையுமாக மாடி ஏறி வந்தார். அதில் ஒரு வெளிநாட்டுக்காரர், காலியான சுருட்டுப் பெட்டியில் ஒரு கட்டையைச் செருகி, மூன்று கம்பி கட்டி, கிடார் என்று சொல்லி வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம வேலையாச்சுங்களே சாமி! கட்டை சேஸு, பொட்டி பாடி. கம்பியைக் கட்டுனா ஓடீராதுங்களா?"

பெட்டிக்குத்தான் அலைந்தார். நம் ஊரில் சுருட்டு, காகிதம் சுற்றிக் கட்டாக வரும். மரப் பெட்டிக்கு எங்கே போவது? கடைசியில், ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியில் போர்வெல் போட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி வந்த ஒருவர் வீட்டில் ஒரு பெட்டி இருப்பதாகத் துப்பு கிடைத்தது. அந்த வீட்டு அம்மா அதில் ஊக்கும் ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தார். இவர் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, நாலு பக்கமும் ரிவெட்டு அடித்து, பின்னால் சிவப்பு பெயிண்டில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார்.

லாரிச் சட்டத்தில் மிஞ்சிய மரம் கிடாருக்குக் கழுத்தானது. வீணைக்கு மெட்டு இருப்பது போல அந்தக் கழுத்தின் குறுக்கே கம்பிகள் பதிக்க வேண்டும். செல்போனில் கிடைத்த அளவுப் படத்தை அச்சடித்து மரத்தின் மேல் ஒட்டி, சைக்கிள் ஸ்போக்கை வெட்டிப் பதித்தார். அவற்றுக்கு ஸ்பீடு பிரேக்கர் என்று பெயர் வைத்தார். இரண்டு ஸ்பீடு பிரேக்கருக்கு நடுவில் இருப்பது ஒரு கட்டம். விரல் வழி தவறாமல் இருக்க, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் கட்டங்களில் ஒரு புள்ளியும், மேல் ஸட்ஜம் பேசும் பன்னிரண்டாம் கட்டத்தில் இரட்டைப் புள்ளியும் வைப்பார்கள். அந்தப் புள்ளிகளுக்கு அவர் வைத்த பெயர் மைல்கல்.

அந்த மைல்கல்லை எதில் செய்வது என்பதில்தான் மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார்.

முதலில் லாரிக்கு ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கர். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு என்று சட்டப்படி ஒட்டினார். விரல் பட்டதும் உரிந்து வந்தது. அடுத்து, நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம் என்று முட்டை ஓட்டை நொறுக்கிப் பசையில் குழைத்துப் பதித்தார். பார்க்கத் தந்தம் போல அழகாகத்தான் இருந்தது. ஓட்டின் உள்தோலை அவர் சரியாக எடுக்கவில்லை போலும். மறுநாள் எறும்புகள் மூன்றாம் கட்டத்தில் ஏறிப் பன்னிரண்டில் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு கொட்டைப்பாக்கை வட்டமாகச் சீவிப் பதித்தார். உள்ளே வெள்ளையும் பழுப்புமாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் பரமத்தி வேலூர் வெற்றிலை ஒரு கவுளி வந்த அன்று, ஏதோ யோசனையில் ஏழாம் மைல்கல்லைப் பெயர்த்து வாயில் போட்டு மென்றுவிட்டார்.

ஓனருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனப்பா ரிவெட்டு, பட்டறைல பாதி மூலையை நீயே அடைச்சுட்டியே! ஆயுத பூஜையன்னிக்கு இந்தப் பொட்டி பாடுச்சுன்னா மூலை உனக்கு. பாடலீன்னா அங்க கம்ப்ரஸர் வெச்சுருவேன். அப்பறம் என்னைக் கேக்கப்படாது."

அண்ணன் அன்று இட்லியே சாப்பிடவில்லை. அந்த மூலை போய்விட்டால் அவருக்கு மீதி இருப்பது ரிவெட்டு மட்டும்தான். மறுநாள் ஒரு பழைய பட்டுச் சட்டையோடு வந்தார். அவருடைய கல்யாணச் சட்டை. அதில் இருந்த சிப்பிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அறுத்தார். ரிவெட்டுக்குத் துளை போடும் அதே டிரில்லில் மரத்தைக் குடைந்து, பொத்தானை இறக்கி, மட்டமாகத் தேய்த்தார். நிலா வெளிச்சம் போல மின்னியது.

வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால், காலேஜ் ஹாஸ்டலில் கிடார் வைத்திருந்தவனோடு ஒரே ரூமில் இருந்த தகுதி என்னிடம் இருந்தது. ஒற்றைக் கம்பியில், பொத்தானைப் பார்த்துப் பார்த்து ஓர் அம்மன் பாட்டைப் பழகினேன். பூஜைக்கு முந்தின நாள்தான் கம்பி ஏறியது என்பதால், மேல் ஸட்ஜம் வரை போய்ப் பார்க்க நேரமில்லை.

ஆயுத பூஜையன்று டிரைவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று பட்டறை நிறையக் கூட்டம். சுத்தியலில் இருந்து வெல்டிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். ஏழாம் கட்டம் வரை அருமையாகப் போனது. "தாயே" என்று உச்சிக்குப் போகும் இடத்தில், இரட்டைப் பொத்தானில் நம்பிக்கையாக விரலை வைத்தேன். லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் வந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி ரிவர்ஸ். கூட்டம் சிரித்தது. ஓனர் கம்ப்ரஸரைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கிடாரின் கழுத்தை உற்றுப் பார்த்தேன். "ஏனுங்ணா, ஏழுக்கு மேல இருக்கற இந்தப் பொத்தான் எத்தனாவது கட்டம்?"

"ஒம்பதுங்க சாமி."

"எண்ணிக் காட்டுங்க."

விரல் வைத்து எண்ணினார். "அஞ்சு, ஆறு, ஏழு, ஒம்பது…"

"ண்ணா! ஏழுக்கு அடுத்தது எட்டுங்க! நீங்க பயந்து ஓடுன எட்டுலயே பொத்தானை நட்டு வெச்சிருக்கீங்க. பன்னண்டுல வர வேண்டியது பதினொண்ணுல நிக்குது!"

அவர் விரலைப் பட்டென்று எடுத்துக்கொண்டார். "அய்யோ, கண்ணாலச் சட்டைப் பொத்தானுங்களே சாமி!"

அடுத்து அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பூஜைத் தட்டை இழுத்தார். என்னை எண்ணச் சொல்லி, நிஜமான ஒன்பதில் ஒரு சந்தனப் பொட்டும், நிஜமான பன்னிரண்டில் இரண்டும் வைத்தார். பதினொன்றின் மேல் கருப்பு டேப்பை ஒட்டினார். எட்டுக்கு மட்டும் சந்தனமும் இல்லை, டேப்பும் இல்லை. பக்கத்து லாரிச் சக்கரத்தில் இருந்து கிரீஸை வழித்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தான் மேல் அப்பினார். திருஷ்டிப் பொட்டாம்!

"இப்ப எடுங்க வண்டியை" என்றார்.

எடுத்தேன். சந்தனத்தில் விரல் விழுந்ததும் மேல் ஸட்ஜம் கும்மென்று வந்து நின்றது. ஒரு டிரைவர் வீட்டு அம்மாவுக்குச் சாமியே வந்துவிட்டது. ஓனர் கம்ப்ரஸரை வெளியே தள்ளச் சொல்லிவிட்டு, "ஏனப்பா, என்ற காருக்கு இதே சவுண்டுல ஒரு ஹாரன் பண்ணித் தருவியா?" என்று கேட்டார்.

அதன் பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது ஓர் அரிசிப் பையில் கிடாரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். வாங்கிப் பார்த்தேன். பொத்தான்களைப் பெயர்த்துச் சரியான கட்டங்களில் பதித்திருந்தார். பதினொன்றில் இருந்த பழைய துளைகள் மரத்தூள் வைத்து அடைக்கப்பட்டு, இருந்த இடமே தெரியவில்லை. எட்டாம் கட்டத்துத் துளையில் மட்டும், கொட்டாங்குச்சியைத் தேய்த்து மெருகேற்றிய ஒரு கருப்பு வட்டம்.

"எட்டையும் மரத்தூள் போட்டு அடைச்சிருக்கலாமுங்களே, ண்ணா?"

"அதுல வெரல் வெக்கப் போறது நீங்களுங்க சாமி. தொலைவுக்குப் போற வண்டி… திஷ்டிப் பொட்டு வெக்காம அனுப்புவனுங்களா?"

என்னையும் கடைசியில் லாரியாக்கிவிட்டார் என்று சிரித்தேன். பஸ் ராசிபுரம் தாண்டும் வரைதான் சிரிக்க முடிந்தது.

கிடார் இப்போதும் என் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. பாட்டு இன்னும் சரியாக வருவதில்லை. மற்ற கட்டங்களில் தடுமாறும் என் விரல், எட்டில் மட்டும் பயமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது.