பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே தூங்கும் நான்

தென்காசி,
புதன்கிழமை காலை.

அன்புள்ள மைத்துனர் இசக்கிராஜாவுக்கு, ஓய்வுபெற்ற ஏட்டு சுந்தரபாண்டியன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா ஆனந்தவள்ளியும் மகள் முப்பிடாதியும் உடம்பளவில் சுகம். மனசு பற்றிக் கேட்காதீர்கள். கோயம்புத்தூரில் எல்லோரும் நலமென்று நம்பி மேலே எழுதுகிறேன்.

எல்லாம் உங்கள் மகள் அனுசியாவால் வந்தது. வீடியோ கலையை மக்கள் நடமாடுகிற இடத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று போன மாதம் வந்தாளே, ஐந்தருவிப் பாதையில் என்னைக் கேமரா முன்னால் நிறுத்தி, "மாமா, பத்து நிமிஷம் ஒண்ணுமே செய்யாம சும்மா நில்லுங்க, போதும்" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் பந்தோபஸ்துக்கு நின்றவனுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்? சாரல் வேறு சுகமாக முகத்தில் அடித்தது. நின்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அப்புறம் ஏதோ சம்மதத் தாள் என்று ஒன்றை நீட்டினாள், வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் "வாசிக்க நேரமில்ல, போடும்வே" என்று வாங்கியிருப்பேன், அந்தப் பாவம்.

நேற்றுப் பார்த்தால், தேர்தலுக்கு வருமே திரை வைத்த வண்டி, அது தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது, அதில் மாடி உயரத்துக்கு நான்! நின்றபடியே தூங்குகிறேன்வே! வாய் திறந்திருக்கிறது. ஆறாவது நிமிஷம் தூக்கத்திலேயே ஒரு சல்யூட். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இலத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு ஜனம் அந்த சல்யூட்டுக்காகக் காத்து நிற்கிறது. பூ விற்கிற உலகம்மாள், "அண்ணாச்சி, இன்னா, இப்ப சல்யூட் அடிப்பிய பாருங்க" என்று எனக்கே காட்டுகிறாள்.

வெட்கம் கிடக்கட்டும். நாளைக்கு முப்பிடாதி கல்யாணத்துக்குத் தேதி குறிக்க, மாப்பிள்ளையின் அப்பா வீரபாகு அண்ணாச்சி வாசுதேவநல்லூரிலிருந்து இதே பஸ் ஸ்டாண்டில்தான் வந்து இறங்குகிறார். என் பழைய இன்ஸ்பெக்டர். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே ஐந்தருவியில், சீசன் பந்தோபஸ்தில் நின்றுகொண்டே தூங்கினேன் என்று மெமோ கொடுத்தவர். "தூங்கவில்லை ஐயா, பிக்பாக்கெட்காரன் ஏமாறட்டும் என்று கண்ணை மூடியிருந்தேன்" என்று விளக்கம் எழுதினேன். நம்பி ரத்து செய்தார். பெண் பார்க்க வந்தபோதும் "பொய் சொல்லாத மனுசன்" என்று சபையில் சொன்னார். முப்பிடாதிக்குப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. இந்தத் திரையை அவர் பார்த்தால் என் பழைய விளக்கம் என்ன ஆகும்?

திரையை மறைக்கக் குடையை விரித்து முன்னால் நின்றேன். அதுவும் கலைதான் என்று கைதட்டுகிறார்கள். அனுசியாவிடம் கெஞ்சினால், "எவ்வளவு அழகா தூங்குதிய மாமா" என்கிறாள். பெற்றவர் நீங்கள் ஓர் அதட்டல் போட்டு, வண்டியைப் புளியறை தாண்டிக் கேரளாவுக்கு விரட்டச் சொல்லுங்கள். போனில் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அனுசியாவுக்கு மட்டும் ஆசி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
சுந்தரபாண்டியன்

பி.கு: சிக்னல் இல்லாமல் இது நேற்றுப் போகவில்லை. இன்று வியாழன். வண்டியை அசைக்க வேண்டாம். அண்ணாச்சி இறங்கினார், திரையைப் பார்த்தார், குடையோடு என்னையும் பார்த்தார். "தூங்கினது நெசந்தான் அண்ணாச்சி" என்றேன். "தெரியும்லே பாண்டி. மெமோவ எழுதிட்டு நானும் ஜீப்புக்குள்ள தூங்கிட்டேன். பொறவு எப்படி உன்னைத் தண்டிக்க?" என்றார். அனுசியா விடுவாளா? அவரையும் அங்கேயே கேமரா முன்னால் சும்மா நிற்கச் சொன்னாள். நான்காவது நிமிஷமே குறட்டை. தாளை அவரும் வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார். தேதி குறித்தாயிற்று. மேலே நிறுத்திவைத்த ஆசியை அனுசியாவுக்குக் கொடுத்துவிடவும்.